நம்பத்தகுந்த சாட்சி

அந்தப் பெஞ்சு வேண்டாம், ஒரு கால் ஆடும். இங்கன வாங்க. இது சுவரோட சாத்திக் கிடக்கு, பயமில்ல.

உயில் கேஸ்தானே? எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? மூஞ்சியில எழுதியிருக்கு. கிரிமினல் கேஸுக்கு வாறவன் பயந்துபோய் இருப்பான். டைவர்ஸுக்கு வாறவன் எரிச்சல்ல இருப்பான். உயில் கேஸுக்கு வாறவன் மட்டுந்தான், கல்யாண வீட்டுல அடுத்த பந்தி எப்பன்னு பாத்துக்கிட்டு நிக்கிறவன் மாதிரி நிப்பான். தப்பா எடுத்துக்கிடாதீங்க. நானும் அப்படித்தான் நின்னேன்.

யாரு, அப்பா உயிலா? சரி. சாட்சிக் கையெழுத்து ரெண்டும் இருக்கா? போட்டவங்க உசுரோட இருக்காங்களா? இருந்தா இன்னைக்குச் சாயங்காலமே போய் ஆளுக்கு ஒரு சீப்புப் பழம் குடுத்து நலம் விசாரிச்சுட்டு வாங்க. எழுதினவரு செத்தாத்தான் உயிலுக்கு உசுரு வரும். சாட்சி செத்தா உயிலுக்குக் காய்ச்சல் வரும். சட்டப் புஸ்தகத்துல இப்படி இருக்காது. நான் சொல்லுதேன், அனுபவம்.

என் பேரு டாக்டர் டேனியல் பொன்னுராஜ். கால்நடைத் துறையில உதவி இயக்குநரா ரிட்டயர் ஆனேன். மாட்டு டாக்டர்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். ஆனா கெசட்டட் ஆபீசர், பாத்துக்கிடுங்க. பச்சை மை. எங்க தாலுகாவுல காலேஜ் சேருத பிள்ளை, வேலைக்கு எழுதிப்போடுத பிள்ளை, அத்தனையும் மார்க் ஷீட் நகலத் தூக்கிட்டு எங்கிட்டதான் வரும். ஒரு பக்கம் மாடு நிக்கும், ஒரு பக்கம் பிள்ளைங்க நிக்கும். ஒரு கையில ஊசி, ஒரு கையில பேனா. காகிதத்தைப் பாக்கக்கூட மாட்டேன். ஆளு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும், போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன். என் கையெழுத்துன்னா அவ்வளவு மதிப்பு.

கேஸு என்னன்னா, எங்க அக்கா வீடு.

லில்லி அக்கா. என்னைவிடப் பன்னெண்டு வயசு மூப்பு. பெரியாஸ்பத்திரியில நர்ஸ், கடைசியில ஹெட் நர்ஸ். கல்யாணம் பண்ணிக்கிடல. என்னைப் படிக்க வச்சது அவங்கதான். வச்சாங்க, இல்லன்னு சொல்லல. நானும் படிச்சேன்லா? அதையும் சொல்லணும்லா? நான் படிக்காம இருந்திருந்தா அவங்க படிக்க வச்சது என்னத்துக்கு ஆகியிருக்கும்?

வீடு சர்ச்சுக்குப் பின்னால, ரோட்டு மேல. முன்னால ரெண்டு வேப்பமரம். அந்த ரெண்டையும் எடுத்துட்டா மூணு கடை கட்டலாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோட போவேன், சாப்பிடுவேன், சாப்பிட்ட கையோட டேப்பு வச்சு ஒரு தடவை அளந்துட்டு வருவேன். பாசம்னா அப்படி விடாமப் போய்வந்து இருக்கணும்.

அந்த வீட்டுல எப்சிபான்னு ஒரு அம்மா. அவங்களும் நர்ஸ்தான், அக்காகூட வேலை பாத்தவங்க. ஒரு மழைக்காலத்துல, ரெண்டு மாசம் தங்கிட்டுப் போறேன்னு வந்தாங்க. முப்பத்திநாலு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியல.

வாடகைக்கு இருக்காங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். வேற என்னன்னு சொல்ல? சொந்தம் கிடையாது. வேலைக்காரியும் கிடையாது. ரெண்டு பேரும் ஒரே ரேஷன் கார்டு, ஒரே குடையில சர்ச்சுக்குப் போவாங்க, ஒருத்திக்குச் சளி பிடிச்சா இன்னொருத்தி கஷாயம் குடிப்பா. இதுக்கெல்லாம் ஒரு பேரு உண்டா? கிடையாது. பேரே இல்லாத உறவுக்குக் கோர்ட்டுல என்ன இடம் இருக்கப்போகுதுன்னு நானும் பேசாம விட்டுட்டேன். அங்கதான் கோட்டை விட்டேன்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. இடது பக்கம். வாயும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு. நான் விழுந்தடிச்சு ஓடினேன், பத்தாவது நாளே போயிட்டேன். நானும் டாக்டர்தானே, என்னென்ன செய்யணும்னு எப்சிபாம்மாகிட்ட விவரமாச் சொன்னேன். தைலம் தேய்க்கணும், திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கஞ்சி. எருமைக்கும் அதே முறைதான், உடம்பு உடம்புதானே. அந்தம்மா, "சரி தம்பி, சரி தம்பி"ன்னு கேட்டுக்கிட்டாங்க. செஞ்சது யாருன்னு கேட்டா அந்தம்மாதான். ஆனா சொன்னது யாரு? செய்யுததுக்கு யாரு வேணாலும் கிடைப்பாங்க. சொல்லுததுக்கு ஆளு வேணும்.

ஏழெட்டு மாசத்துல அக்கா தேறி எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. பேச்சும் திரும்பிருச்சு. ஒரு சனிக்கிழமை காலையில போன்.

"தம்பி, உன் பேனாவ எடுத்துக்கிட்டு வீடு வரைக்கும் வந்துட்டுப் போ."

போனேன். ஹால்ல டாக்டர் ஆபிரகாம் உக்காந்திருக்காரு, அக்காவோட பழைய பெரிய டாக்டர். மேஜை மேல டைப் அடிச்ச நாலு காகிதம். எப்சிபாம்மாவக் காணோம், அடுக்களையில வடை சுடுத சத்தம் கேக்குது.

"உயில் எழுதியிருக்கேன்"னாங்க அக்கா. "ஒரு சாட்சி டாக்டரு. இன்னொண்ணு நீ."

எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். வேற யாருக்கு எழுதப் போறாங்க? அக்கா என் கண்ணு முன்னால ஒவ்வொரு தாளுலயும் கையெழுத்துப் போட்டாங்க. அடுத்து டாக்டர் போட்டாரு. என் பக்கம் தள்ளினாங்க.

"ஒரு தடவை வாசிச்சுப் பாரு தம்பி."

"என்னக்கா இது, நமக்குள்ள என்ன வாசிப்பு?"

"வாசிச்சிரு. பிறகு வாசிக்கலன்னு சொல்லக் கூடாது."

"சொல்லவே மாட்டேன்"னேன். போட்டேன். பச்சை மை, பேரு, பதவி, ஓய்வுன்னு அடைப்புக்குள்ள, எல்லாம் முறையா. டாக்டர் ஆபிரகாம் என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு. அக்கா சிரிச்சாங்க. அப்போ அவங்களுக்குப் பாதி வாய்தான் சிரிக்கும்.

நியாயமாச் சொல்லுங்க. நமக்குத் தாறாங்கன்னு தெரிஞ்சபிறகு, என்ன தாறாங்கன்னு உத்துப் பாக்குதது மரியாதையா? பிச்சைக்காரன்தான் தட்டைப் பாப்பான். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. நாலு வடை சாப்பிட்டேன், போற வழியில கொத்தனாரப் பாத்து ஷட்டர் எத்தனை அடி வைக்கலாம்னு கேட்டுட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதுக்குப் பிறகு அக்கா நாலு வருஷம் இருந்தாங்க. அதுல கடைசி ஒண்ணரை வருஷம் படுக்கை. நான் வாரம் தவறாம போன்ல விசாரிச்சேன். போன எடுக்குதது எப்சிபாம்மாதான். "அக்கா தூங்குதாங்க தம்பி"ம்பாங்க. எப்பப் பாத்தாலும் தூக்கம். அப்படித் தூக்கத்துலயே போயிட்டாங்க. நல்ல சாவு. டாக்டர் ஆபிரகாமும் அடுத்த மாசமே போயிட்டாரு.

நாற்பதாம் நாள் ஜெபம் முடியட்டும், பிறகு போய் அந்தம்மாகிட்ட பக்குவமா காலி பண்ணச் சொல்லுவோம்னு இருந்தேன். போய்ச் சொல்லவும் செஞ்சேன். "பொறுங்க தம்பி, பேப்பர் ஒண்ணு வரும்"னாங்க. வந்துச்சு. கோர்ட்டுலேருந்து நோட்டீஸ். லில்லி ரத்னபாயின் கடைசி உயிலை மெய்ப்பித்துத் தரக் கோரி, உயில் நிறைவேற்றுநர் எப்சிபா தாக்கல் செய்த மனு. கூடவே உயில் நகல். அன்னைக்குத்தான் முதல் தடவையா அந்த நாலு தாளையும் வாசிச்சேன்.

வீடு எப்சிபாவுக்கு. மரம் எப்சிபாவுக்கு. கட்டில், பீரோ, தையல் மிஷின், தண்ணிப் பானை வரைக்கும் எப்சிபாவுக்கு. என் பேரு எங்கயாவது இருக்கான்னு தேடினேன். இருந்துச்சு. நாலாவது தாள்ல, கடைசியில. சாட்சி ரெண்டு: டாக்டர் டேனியல் பொன்னுராஜ்.

பிரமை பிடிச்சவன் மாதிரி உக்காந்துட்டேன். என் சம்சாரம் கிரேஸ் வந்து எட்டிப் பாத்தா. "என்னங்க, கையெழுத்துப் போடும்போது வாசிக்கலையா?"ன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்? வாசிச்சிருந்தா போட்டிருப்பேனா?

முத்தையா வக்கீலப் பிடிச்சேன். மனுஷன் உயிலைப் பொரட்டிப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, திரும்பவும் உயிலைப் பாத்தாரு. அவருக்கு முகம் மலந்துருச்சு.

"சார், உயில ரூபிக்கணும்னா சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்ல ஒருத்தராவது கோர்ட்டுல வந்து சொல்லணும். ஒருத்தரு கல்லறையில இருக்காரு. மிச்சம் நீங்க. அந்தம்மா உங்களைத்தான் கூப்பிட்டாகணும். அவங்க குடுமி உங்க கையில."

எதிராளியே என்னைச் சாட்சியாக் கூப்பிடணுமாம்! கடவுள் இருக்காருன்னு அன்னைக்குத்தான் முழுசா நம்பினேன்.

ஆட்சேபம் போட்டோம். அக்காவுக்குப் புத்தி தெளிவில்லாத நேரத்துல எழுதி வாங்கினதுன்னு. மனு வழக்காச்சு. ஒண்ணரை வருஷம் இதே வராந்தா, இதே பெஞ்சு. எப்சிபாம்மா எதிர்ப் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. என்னைப் பாத்ததும், "தம்பி, சுகமா? சுகர் மாத்திரை சாப்பிடுதீங்களா?"ன்னு கேப்பாங்க. கோர்ட்டுல எதிரிகிட்ட எப்படி நடந்துக்கிடணும்னு கூடத் தெரியாத ஜென்மம்.

முத்தையா வக்கீல் எனக்கு மூணே வார்த்தை சொல்லிக் குடுத்தாரு. "அக்காவுக்குத் தெளிவில்ல. என்ன காகிதம்னு எனக்குத் தெரியாது. வாசிக்காமப் போட்டேன். இதுக்கு மேல ஒரு எழுத்து பேசாதீங்க சார்." கண்ணாடி முன்னால நின்னு பாடம் பண்ணினேன். முதல் ரெண்டும் நல்லா வந்துச்சு. மூணாவது மட்டும் தொண்டையில நின்னுச்சு. வாசிக்காமப் போட்டேன். சொல்லிப் பாருங்க நீங்களே. எவ்வளவு கேவலமா இருக்கு!

சாட்சி சொல்லுத நாளும் வந்துச்சு, கூண்டுல ஏறினேன். கோர்ட்டு நிறைய கூட்டம். எங்கிட்ட வேலை பாத்த கம்பவுண்டர் ஒருத்தன் வேற ஏதோ கேஸுக்கு வந்து பின்னால நிக்கான். அந்தம்மா வக்கீலு செண்பகவல்லின்னு ஒரு பொண்ணு. சின்ன வயசு. இதுகிட்ட என்ன பயம்னு நினைச்சேன். அது எந்திரிச்சுக் கும்பிட்டுச்சு.

"ஐயா, உங்களுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?"

"முப்பத்தொண்ணு."

"அத்தனை வருஷமும் மத்தவங்க சான்றிதழுக்குச் சான்றொப்பம் போட்டிருக்கீங்க, இல்லையா ஐயா?"

"ஆயிரக்கணக்குல."

"அதுல ஒண்ணாவது தப்புன்னு திரும்பி வந்திருக்கா?"

"ஒண்ணு கிடையாது."

"ஆச்சரியமா இருக்கு ஐயா. பொதுவா ஆபீசருங்க வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுருவாங்கன்னு சொல்லுவாங்களே?"

பின்னால கம்பவுண்டர் லேசா இருமினான். அவன் ஏன் இருமணும்? முப்பத்தொரு வருஷ மானம், நாற்பது பேரு முன்னால. நான் நிமிந்து நின்னேன்.

"மத்த ஆபீசரப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. இந்த டேனியல் பொன்னுராஜ் வாசிக்காத காகிதத்துல பச்சை மை படாது!"

முத்தையா வக்கீல் துள்ளி எந்திரிச்சு, ஆட்சேபிக்கிறேன்னாரு. ஜட்ஜ் ஐயா கண்ணாடியக் கழட்டி, "உங்க கட்சிக்காரர் நல்லவர்னு சொல்லுதாரு. அதுக்கா ஆட்சேபம்?"னு கேட்டாரு. வக்கீல் உக்காந்துட்டாரு. அந்தப் பொண்ணு உயிலக் கொண்டு வந்து காட்டிச்சு.

"இதுல பட்டிருக்கே ஐயா."

"பட்டிருக்கு."

"அப்போ?"

என்ன சொல்லச் சொல்லுதீங்க? "வாசிச்சேன்"னேன்.

"கடைசிக் கேள்வி ஐயா. கையெழுத்துப் போட்டப்போ உங்க அக்கா தெளிவா இருந்தாங்களான்னு உங்களால சொல்ல முடியுமா? இல்ல, அதை மனுஷங்களுக்குப் பாக்குத டாக்டர்தான் சொல்ல முடியுமா?"

இந்தக் கேள்விய எவனும் என்னைக் கேட்டுட்டு சும்மா போனதில்ல. சுருக்குன்னு ஏறிருச்சு.

"அம்மா, மனுஷ டாக்டருக்கு நோயாளியே இங்க வலிக்கு, அங்க வலிக்குன்னு சொல்லிருவான். எங்கிட்ட வாறது வாயில்லாத ஜீவன். நான் கண்ணப் பாத்தே சொல்லணும். எங்க அக்கா கண்ணு அன்னைக்குத் தெளிவா இருந்துச்சு. என்னை வளத்த காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படி இருந்துச்சு. தெளிவில்லாம இருந்திருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன்."

அதைச் சொல்லிட்டுக் கைக்குட்டைய எடுத்து மூக்கத் துடைச்சுக்கிட்டேன். நேர் மேல ஃபேன். அந்தக் காத்து எனக்கு ஆகாது. எதிர்ப் பெஞ்சுல எப்சிபாம்மா சேலைத் தலைப்பால கண்ணத் துடைக்காங்க. முத்தையா வக்கீல் பேனாவுக்கு மூடியப் போட்டு பாக்கெட்டுல வச்சுக்கிட்டாரு.

தீர்ப்பு வந்துச்சு. உயில் செல்லும். ஆனா அதுல ஒரு பத்தி இருக்கு பாருங்க, எனக்கு மனப்பாடம். "சாட்சியான டாக்டர் டேனியல் பொன்னுராஜ், பொறுப்பான அரசுப் பதவி வகித்தவர். தமது சொந்த நலனுக்கு முற்றிலும் எதிராகவே உண்மையை உரைத்திருக்கிறார். ஆகவே அவர் நம்பத்தகுந்த சாட்சி." எத்தனை பேருக்கு இப்படி ஒரு ஜட்ஜு எழுதிக் குடுப்பாரு? அந்தத் தீர்ப்போட சான்றிட்ட நகல் வாங்கத்தான் இன்னைக்கு வந்திருக்கேன். கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டணும்.

அப்பீலான்னு கேக்கீங்களா? நானும் கேட்டேன். முத்தையா வக்கீல் சொன்னாரு, "போகலாம் சார். ஆனா அந்தச் சாட்சி சுத்தப் பொய்யன்னு மனுவுல எழுதணும்." "எழுதுங்க"ன்னேன். "சாட்சி நீங்கதான் சார்"னாரு. சரி, வேண்டாம்னு விட்டுட்டேன். வீடு போனா போகட்டும்.

இல்ல, இன்னும் முடியல. கேளுங்க. போன மாசம் எப்சிபாம்மா கூப்பிட்டுவிட்டாங்க. அக்கா சாமான்ல எது வேணுமோ எடுத்துக்கிடச் சொன்னாங்க. போனேன். சாப்பாடு போட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே மனசுல கிடந்ததைக் கேட்டேன். "ஊருல ஆளா இல்ல? என்னை எதுக்குச் சாட்சியாப் போட்டாங்க?"

அந்தம்மா ரசத்தை ஊத்திக்கிட்டே சொல்லுதாங்க. "பாஸ்டரப் போடலாம்னுதான் நான் சொன்னேன் தம்பி. அக்கா கேக்கல. பாஸ்டரு ஊர் மாறிப் போயிருவாரு, நம்ம டேனியலப் போடுவோம்னாங்க. இந்த உயில எதுத்துக் கோர்ட்டுக்குப் போனா அவன் ஒருத்தன்தான் போவான். அவன் கண்டிப்பா வாசிக்க மாட்டான். ஆனா தலையே போனாலும் நாலு பேரு முன்னால, வாசிக்காமப் போட்டேன்னு சொல்லவும் மாட்டான். நான் வளத்த பிள்ளை, எனக்குத் தெரியும்னாங்க."

பாத்தீங்களா? பாதி உடம்பு விழுந்து கிடக்கும்போது கூட, என் வாக்கு மேல எங்க அக்காவுக்கு எவ்வளவு நம்பிக்கை! எனக்குக் கண்ணு நிறைஞ்சிருச்சு. எதையும் எடுக்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து கிரேஸ்கிட்ட அப்படியே சொன்னேன். அவளும் அழுவான்னு பாத்தா, சிரிக்கா. முதல்ல வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. பிறகு சுவரப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. கீழ உக்காந்து, "ஐயோ மதினி, உங்கள நான் தப்பாவே நினைச்சிட்டேனே மதினி"ன்னு, செத்துப்போன எங்க அக்காவக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரிக்கா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், என் முன்னால அவ பல்லு தெரிஞ்சதில்ல.

இப்போ என்னன்னா, சனிக்கிழமையானா தூக்குல மீன் குழம்ப எடுத்துக்கிட்டு எப்சிபாம்மா வீட்டுக்குப் போயிருதா. நான் கூட்டிட்டு வரப் போனா, வேப்பமரத்தடியில நாற்காலியப் போட்டு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருக்குதுங்க. என்னைக் கண்டதும் கப்புன்னு நிறுத்திரும். "என்ன பேசிக்கிட்டு இருந்தீங்க?"ன்னா, "உங்க நேர்மையைப் பத்தித்தான்"ங்கா கிரேஸ்.

நேர்மையில சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குப் பிடிபடல. நீங்க நாலு எழுத்து படிச்சவரு மாதிரி இருக்கீங்க, சொல்லுங்க பாப்போம்.

என்ன, அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க?